ஒற்றைத்தண்டா, வலையா? சுவீட் பீ வளர்ப்பில் இரு வழிகள்

பிரிட்டனில், மணமுள்ள பூக்கொடியான சுவீட் பீயை வளர்ப்பவர்களிடையே இரண்டு முறைகள் நிலைத்திருக்கின்றன. வலையிலோ, கூம்பாகக் கட்டிய கழிகளிலோ கொடியைத் தன் போக்கில் படரவிடுவது ஒரு முறை. ஒவ்வொரு செடியையும் ஒரே தண்டாக, அதற்கென நட்ட தனிக் கழியில் ஏற்றுவது மற்றொரு முறை. பின்னதை அங்கே 'கார்டன்' என்பார்கள். தோட்டத்தைக் குறிக்கும் சொல்லுக்கும் இதற்கும் உறவில்லை.

வலை முறையில் வேலை குறைவு. நாற்று இரண்டு மூன்று இணை இலைகள் விட்டதும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் பெருகும்; பிறகு கொடி தன் பற்றுக்கம்பிகளாலேயே ஏறிக்கொள்ளும். பூக்கத் தொடங்கியபின் ஒருநாள் விட்டு ஒருநாள் தவறாமல் பறிக்க வேண்டும் என்பது மட்டுமே கண்டிப்பான விதி, ஏனெனில் காய் பிடிக்க விட்டால் செடி தன் கடமை முடிந்ததென்று பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் கோடை முதிர முதிரப் பூத்தண்டு குட்டையாகிக்கொண்டே போகும். வீட்டு மேசைக் குவளைக்கு அது குறையன்று. போட்டி மேடையில் அது தோல்வி.

போட்டி நடுவர் எதிர்பார்ப்பது நீண்டு நிமிர்ந்த தண்டில் சீரான இடைவெளியில் அமைந்த நான்கு பூக்களை, அதுவும் மேல்பூ விரிந்திருக்கும்போதே கீழ்ப்பூ வாடாமல் இருப்பதை. இதற்காகவே ஒற்றைத்தண்டு முறையில் செடியின் வலு முழுவதும் ஒரே தண்டுக்குத் திருப்பப்படுகிறது. அக்டோபரில் விதைத்து, குளிர்ச்சட்டத்தில் (கண்ணாடி மூடியிட்ட தாழ்வான பெட்டியில்) மழைக்காற்றுப் படாமல் காத்த நாற்றுகளை, வசந்தத்தில் ஏறத்தாழ 20 செ.மீ. இடைவெளியில், 2.4 மீட்டர் உயரக் கழிகளின் அடியில் நடுகிறார்கள். வலுவான ஒரு துளிரை மட்டும் நிறுத்திவிட்டு, அதன்பின் தோன்றும் பக்கத் துளிர்களையும் பற்றுக்கம்பிகளையும் விடாமல் கிள்ளி எறிகிறார்கள். பற்றுக்கம்பி போனால் செடி தானே ஏறாது. ஆகவே கணுவுக்குக் கணு கம்பி வளையத்தால் கழியோடு பிணைக்கும் வேலையும் வளர்ப்பவர் தலையில் விழுகிறது.

இதைவிடக் கடினமான கட்டம் கோடையின் நடுவில் வரும். தண்டு கழியின் உச்சியைத் தொட்டதும், கட்டுகளை அவிழ்த்து, முழுத் தண்டையும் தரையில் கிடத்தி, சில கழிகள் தள்ளி நுனியை மீண்டும் ஏற்ற வேண்டும். காலையில் தண்டு நீரேறி விறைத்திருக்கும், எளிதில் முறியும். வெயில் ஏறித் துவண்ட பிற்பகலே இதற்கு உகந்தது. இறக்கிய பிறகு சில நாட்கள் நல்ல பூ கிடைக்காது என்பதால், போட்டி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் இதைச் செய்ய வேண்டும். இந்தக் கணக்குப் பிடிக்காதவர்கள் இம்முறையின் பக்கம் போகாதிருப்பதே நல்லது.

மொட்டு உதிர்வு இரண்டுக்கும் பொது. குளிர்ந்த இரவுகள் வந்தால் இரு முறையிலும் இளமொட்டு மஞ்சளித்து விழும். ஆனால் பெருத்த புதரில் சில மொட்டுகள் போவது கண்ணில் படாது, ஒற்றைத்தண்டிலோ ஒவ்வொன்றும் இழப்பு.

முறையோடு ரகமும் பொருந்த வேண்டும். 1901ஆம் ஆண்டு தோட்டக்காரர் சைலஸ் கோல் கண்காட்சியில் காட்டிய 'கவுண்டஸ் ஸ்பென்சர்' என்ற ரகத்தின் வழிவந்த, அலையலையான பெரிய இதழ்கொண்ட ரகங்களே ஒற்றைத்தண்டுக்கு உரியவை. 1699இல் சிசிலியிலிருந்து துறவி பிரான்செஸ்கோ குபானி இங்கிலாந்துக்கு விதை அனுப்பிய பழைய ரகத்தின் பூ சிறியது, தண்டு குட்டையானது, மணமோ அபாரம். அதைக் கழியில் ஏற்றிக் கிள்ளிக்கொண்டிருப்பது, என் பார்வையில், வீண் உழைப்பு. குட்டைத் தண்டு அதன் பிறவி இயல்பு. மணத்துக்காக வளர்ப்பவர் அதை வலையில் விட்டுவிட்டுக் கத்தரிக்கோலை மட்டும் கையில் வைத்திருக்கலாம்.