எந்த இன்சோல்? தாதர் பாலத்தில் தேய்ந்த நான்கு ஜோடிகள்

காலையில் கட்டிலைவிட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஆணி அடித்தாற்போல் ஒரு வலி. பத்து எட்டு நடந்தால் அடங்கிவிடும். பிற்பகலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மறுபடியும் தலைகாட்டும். மருத்துவக் கருவிகள் விற்கும் வேலை எனக்கு. மும்பையில் சயானில் ரயிலேறி, தாதர் பாலத்தில் கூட்டத்தோடு ஊர்ந்து, அந்தேரி வண்டியைப் பிடித்து, அங்கிருந்து மருத்துவமனை மருத்துவமனையாக நடக்க வேண்டும். காலை ஒன்பதுக்குப் போட்ட காலணியை இரவுதான் கழற்றுகிறேன். குதிகாலிலிருந்து விரல்வரை பாதத்தின் அடியில் ஓடும் நார்ப்பட்டை நொந்திருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சியைக் காட்டிக்கொடுத்தார், காலணிக்குள் பாதத்துக்கடியில் வைக்கும் நல்ல இன்சோல் ஒன்று போடச் சொன்னார். எது நல்லது என்று நான் கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அதன்பின் ஒன்றரை ஆண்டில் நான்கு ஜோடி வாங்கிவிட்டேன். கால்பெருவிரல் முதல் குதிகால் வரை எல்லா அனுபவமும் உண்டு.

முதலாவது, ரயில் நிலைய வாசலில் 120 ரூபாய்க்கு வாங்கிய ‘மெமரி ஃபோம்’. 1966-இல் நாசாவுக்காக விமான இருக்கைகளை மனத்தில் வைத்து உருவாக்கிய பொருளின் தூரத்து உறவு என்று சொல்லலாம். கடைக்காரர் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். பள்ளம் விழுந்து மெல்ல எழும்பியது. நானும் அழுத்தினேன், மயங்கினேன். ஏமாறுவது அந்த இடத்தில்தான். கட்டைவிரல் கொடுக்கும் அழுத்தம் வேறு, 78 கிலோ உடம்பு படியிறங்கும்போது ஒற்றைக் குதிகால் கொடுக்கும் அழுத்தம் வேறு. உடம்புச் சூட்டில் அந்த நுரை இன்னும் இளகும். மும்பை மே மாதத்தில் கேட்கவே வேண்டாம். முதல் வாரம் சொர்க்கம். மூன்றாம் வாரம் குதிகால் படும் இடம் அப்பளமாகிவிட்டது, ஓரங்கள் மட்டும் உப்பி நின்றன. சும்மா நிற்பவருக்கு, புதுக் காலணியின் முரட்டுத்தனத்தைக் கொஞ்சம் குறைக்க விரும்புபவருக்கு, இது போதும். குதிகால் வலிக்கு மருந்தென்று இதை நம்பி வாங்காதீர்கள்.

இரண்டாவது ஜெல். மருந்துக்கடையில் 450 ரூபாய். இதன் நல்ல குணம், குதிகால் தரையில் மோதும் அதிர்ச்சியை உண்மையாகவே வாங்கிக்கொள்கிறது, நுரையைப் போலச் சீக்கிரம் சப்பையாவதில்லை. கெட்ட குணங்களும் உண்டு. கனம். வியர்வையை உறிஞ்சாது, ஆகவே மாலையில் காலுறை பிழிகிற நிலைக்கு வந்துவிடும். சோப்புப் போட்டுக் கழுவ முடிவது மட்டும் ஓர் ஆறுதல். முழுநீள ஜெல்லைவிடக் குதிகாலுக்கு மட்டும் வரும் கிண்ணம் போன்ற துண்டு மேல் என்பது என் முடிவு. வலி ஒரு காலில்தான் என்றாலும் அதை இரண்டு காலிலும் போட வேண்டும். நான் முதலில் வலது காலில் மட்டும் போட்டுக்கொண்டு நடந்தேன். இரண்டு கால்களுக்கும் உயரம் மாறிப்போய், நான்காம் நாள் இடுப்பு தன் பங்குக்கு முறையிட்டது.

ஜெல்லால் பாதத்தின் உள்வளைவைத் தாங்க முடியாது. அதற்கு மூன்றாவது வகை: மேலே மெல்லிய நுரை, அடியில் கெட்டியான பிளாஸ்டிக் ஓடு, குதிகாலைச் சுற்றி ஆழமான கிண்ணம். 1,800 ரூபாய் என்றதும் கடையிலிருந்து இரண்டு முறை வெளியே வந்துவிட்டேன். கையில் எடுத்தால் மரப்பலகை மாதிரி இருக்கிறது. தடவிப் பார்த்து வாங்குகிற யாரும் இதைத் தேர்ந்தெடுக்கமாட்டார்கள். குதிகாலுக்கடியில் இயற்கையே ஒரு கொழுப்பு மெத்தை வைத்திருக்கிறது. நடக்கும்போது அது பக்கவாட்டில் பிதுங்கி ஓடாமல் இந்தக் கிண்ணம் பிடித்துக்கொள்கிறது. ஓடு உள்வளைவுக்கு முட்டுக் கொடுப்பதால் நார்ப்பட்டையின் மீதான இழுப்பு குறைகிறது.

ஆனால் முதல் நாளே இதைப் போட்டுக்கொண்டு அந்தேரிக்குக் கிளம்பாதீர்கள். நான் கிளம்பினேன். பாதத்துக்கடியில் கூழாங்கல் கிடப்பதுபோல் இருந்தது. மாலையில் முழங்காலும் சேர்ந்து வலித்தது. முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு என்று கூட்டிப் பத்து நாளில் பழக்கிக்கொண்டபின் கூழாங்கல் காணாமல் போயிற்று. இரண்டு வாரம் கடந்தும் உறுத்தினால் அந்த வளைவு உங்கள் காலுக்கு ஒத்துவரவில்லை என்று பொருள், திருப்பிக் கொடுத்துவிடலாம். ஈரக்காலைத் தரையில் வைத்துப் பாருங்கள்: நடுப்பகுதி முழுவதும் அச்சு விழுந்தால் தட்டைப்பாதம், மெல்லிய பட்டையாக விழுந்தால் உயர்ந்த வளைவு. தோராயமான சோதனைதான், ஆனாலும் தட்டைப்பாதக்காரர் மிக உயர்ந்த வளைவுள்ளதை வாங்கி அவதிப்படாமல் இருக்க உதவும்.

இத்தனைக்கும் பிறகு ஒரு சிக்கல். விளையாட்டுக் காலணிக்குள் அழகாக உட்கார்ந்த அந்த ஓடு, நான் அலுவலகத்துக்குப் போடும் தோல் காலணிக்குள் போகவில்லை. திணித்தேன். குதிகால் உயர்ந்து, நடக்கும்போதெல்லாம் காலணியிலிருந்து கழன்றது. மேல்பாதத்தில் நாடா அழுத்திச் சிவந்த கோடு விழுந்தது. காலணிக்குள் இருக்கும் இடம் ஒரு கிண்ணத்துச் சோறு மாதிரி. புதிதாக ஒன்றைப் போட்டால் பழையதில் ஒரு பங்கை எடுத்தாக வேண்டும். உள்ளிருக்கும் இன்சோல் கையோடு வந்துவிடுகிற காலணி என்றால் கவலையில்லை. ஒட்டிவைத்திருந்தால் மெல்லியதையோ, விரலடி வரை வராத முக்கால் நீளத்தையோதான் தேட வேண்டும்.

இந்தச் சிக்கலோடுதான் தாராவி 90 அடி சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் தோல் வேலை செய்யும் அண்ணாச்சியிடம் போனேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இங்கே செருப்புத் தைப்பவர்கள் இன்சோலை ‘சுக்தலா’ என்பார்கள். அண்ணாச்சியும் அப்படித்தான் சொன்னார். என் காலணியை வாங்கித் தினத்தாள் ஒன்றின் மேல் வைத்தார். ஒட்டியிருந்த பழைய மேல்தோலை ராம்பிக் கத்தியின் நுனியால் நெம்பி உரித்து வெளிச்சத்தில் பிடித்தார். குதிகால், விரல்கள் எல்லாம் கறுத்த கறையாக அதில் பதிந்திருந்தன.

“இதைப் பாருங்கள் தம்பி. இடது பெருவிரல் விளிம்பைத் தாண்டி ஏறியிருக்கிறது. உங்கள் இடது கால் பெரியது. வலது காலை அளந்து கொடுத்துவிட்டு வந்திருப்பீர்கள்.”

உண்மைதான். கடைக்காரர் எப்போதும் வலது காலைத்தான் நீட்டச் சொல்கிறார். மூன்று மில்லிமீட்டர் தக்கைத் தகட்டின் மேல் பதனிட்ட மெல்லிய ஆட்டுத்தோலை ஒட்டி, இரண்டு காலுக்கும் தனித்தனியாக வெட்டிக் கொடுத்தார். 350 ரூபாய். தக்கை சில வாரத்தில் பாதத்தின் வடிவத்துக்குப் படிந்துவிடுகிறது, தோல் வியர்வையை வாங்கிக்கொள்கிறது. ஓட்டின் முட்டு இதில் இல்லை. ஆனாலும் தோல் காலணிக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் பார்க்கவில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மட்டும் இதற்கு எதிரி: மழையில் நனைந்து சரியாகக் காயாவிட்டால் மூன்றாம் நாள் பூஞ்சை பூக்கிறது.

வெட்டிப் பொருத்தும் முறையும் அவரிடம் கற்றதுதான். கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், வழக்கமாகப் போடும் காலுறையோடு பொருத்திப் பாருங்கள். பழையதைப் புதியதன்மேல் குதிகாலோடு குதிகால் சேர்த்து வைத்துக் கோடு போடுங்கள். கோட்டுக்கு வெளியே இரண்டு மில்லிமீட்டர் விட்டு, விரல் பக்கத்தை மட்டும் வெட்டுங்கள். உள்ளே வைத்துப் பாருங்கள். மடிந்தால் இன்னும் கொஞ்சம். குதிகால் பக்கத்தில் கத்தரி படவே கூடாது, பட்டால் வளைவு நிற்க வேண்டிய இடம் நகர்ந்துவிடும்.

அளவெடுத்துச் செய்யும் மருத்துவ இன்சோலை நான் வாங்கவில்லை. 7,500 ரூபாய் என்றார்கள். சாதாரணக் குதிகால் வலிக்குக் கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் நல்ல ஓட்டுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு ஆய்வுகளில் தெரியவில்லை என்று மருத்துவரே சொன்னதால் தப்பித்தேன். என் மச்சான் கதை வேறு. பதினைந்து ஆண்டுச் சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சி மங்கிவிட்டது. அவருக்குக் கெட்டி ஓடும் கூடாது, விளிம்பு உறுத்தும் ஜெல் துண்டும் கூடாது. புண்ணானாலும் தெரியாதே! வேலூரில் பால் பிராண்டு என்ற அறுவை மருத்துவர் தொழுநோயாளிகளின் பாதங்களைக் காக்கப் பாடுபட்ட காலத்திலிருந்து வருகிற பாடம், உணர்ச்சியற்ற பாதத்தில் அழுத்தத்தைப் பரப்ப வேண்டும் என்பது. எம்.சி.ஆர். எனப்படும் நுண்துளை ரப்பர் செருப்பின் மெத்தென்ற அடி அதைத்தான் செய்கிறது. மச்சான் மருத்துவர் எழுதிக் கொடுத்த, ஆழம் கூடிய காலணியோடு அளவெடுத்த முழுநீள இன்சோலைப் போடுகிறார். காலைவிடுமுன் உள்ளே கையை விட்டுத் துழாவிப் பார்க்கவும் பழகிக்கொண்டார். போன மாதம் அப்படித் துழாவியதில் ஒரு சட்டைப் பொத்தான் கிடைத்தது.

இப்போது என் கணக்கு இப்படி: மழைக்காலத்தில் விளையாட்டுக் காலணியும் பிளாஸ்டிக் ஓடும், மற்ற மாதங்களில் தோல் காலணியும் அண்ணாச்சியின் தக்கையும், நீண்ட நேரம் நிற்க வேண்டிய கண்காட்சி நாட்களில் அந்தத் தக்கைக்கடியில் மெல்லிய ஜெல் கிண்ணம். ஓட்டின் மேல்நுரை பத்து மாதத்தில் பளபளத்துத் தேய்ந்துவிட்டது. அண்ணாச்சி அதன்மேல் புது நுரை ஒட்டித் தருகிறேன் என்கிறார். 60 ரூபாயாம். சனிக்கிழமை கொண்டுபோக வேண்டும்.