நூற்புழுவின் பேச்சை ஒட்டுக்கேட்கும் இருவர்

மண்ணுக்குள் வாழும் நூல்போன்ற நுண்ணிய நூற்புழுக்கள் பேசிக்கொள்வது அஸ்கரோசைடு என்னும் வேதிப்பொருட்களால். கூட்டம் பெருகிவிட்டதா, துணை எங்கே என்ற சேதியெல்லாம் அதில்தான். பூஞ்சையும் செடியும் இதை ஒட்டுக்கேட்கின்றன, நோக்கம்தான் வேறு.

ஆர்த்ரோபோட்ரிஸ் ஒலிகோஸ்போரா என்ற பூஞ்சைக்கு அது இரை வந்திருக்கும் சேதி. சத்து தாராளமாகக் கிடைத்தால் பெரிதாகக் கண்டுகொள்ளாது. பட்டினி கிடக்கும்போது அஸ்கரோசைடு தட்டுப்பட்டால், இழைகளை வளைத்து வளையம் வளையமாகப் பசைவலை பின்னிவிடும். உரசிப்போகும் புழு ஒட்டிக்கொண்டு துடிக்கும். பூஞ்சை அதன் தோலைத் துளைத்து, உள்ளே வளர்ந்து, உடம்பையே கரைத்து உறிஞ்சிக்கொள்ளும்.

சரி, செடி? வேரைத் தாக்கும் புழுவை அதனால் வேட்டையாட முடியாது. அந்த வேதிப்பொருட்களில் ஒன்றான அஸ்கரோசைடு-18 பட்டதும் நோயெதிர்ப்பை முடுக்கிவிடுகிறது. தக்காளி, உருளைக்கிழங்கு, பார்லியில் இது 2015இல் ஓர் ஆய்வில் தெரியவந்தது. 2020இல் தெரியவந்தது இன்னும் அழகு: செடி அந்த மூலக்கூறின் சங்கிலியைக் குறுக்கி வெளியே விடுகிறது, அந்தக் கலவை புழுக்களை விலக்குகிறது. என்னைக் கேட்டால் இதுதான் பெரிய கெட்டிக்காரத்தனம். தக்காளிச் செடியைப் பிடுங்கி, நூற்புழு தாக்கி வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக வீங்கியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.