மேலே வெள்ளிக்கோடு, கீழே சீமெந்து: பெரிய ஹோலுக்கு டைல்ஸ் பதிக்க இருக்கிறவர்களுக்கு

திருகோணமலைக் கரையோரம் ஹோட்டல், மண்டபம், பெரிய வீடு என்று கட்டிக்கொண்டிருக்கிறவர்கள் மேசனுக்குக் கடைசிக் காசு கொடுக்குமுன் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள். உப்புவெளியில் எங்கள் சிறிய விருந்தினர் விடுதியின் சாப்பாட்டு ஹோலில் நடந்த விஷயம். ‘எக்ஸ்பான்ஷன் ஜொயின்ட்’, அதாவது தரை நீளவும் சுருங்கவும் இடம் கொடுக்கிற இடைவெளி, என்று பில்லில் அடிக் கணக்கில் காசு எடுத்த கொந்தராத்துக்காரர் தரையில் போட்டுவிட்டுப் போனது வெறும் கோடு. ஆளின் பெயரைப் போடவில்லை. விஷயம் மத்தியஸ்த சபையில் இருக்கிறது. ஆனால் எப்படிச் செய்தார் என்பதை ஒன்றும் விடாமல் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த வேலையை மேலே நின்று பார்த்து யாராலும் பிடிக்க முடியாது.

ஹோல் 42 அடி நீளம், 24 அடி அகலம். கடற்பக்கம் முழுக்கத் திறப்பு, காலை வெயில் பாதித் தரை வரைக்கும் ஏறும். கொங்கிறீட் தளம் இரண்டு தடவையாகப் போட்டது. முதல் நாள் 24 அடி, மிச்சம் பிறகு. அந்த இரண்டும் சேர்கிற இடம் தரையில் ஒரு கோடாகத் தெரிந்தது. என் மைத்துனர் கட்டாரில் பெரிய கட்டடங்களில் தரை வேலை மேற்பார்வை பார்த்தவர். அவர்தான் ஒரு தாளில் படம் கீறித் தந்தார்: குறுக்கே 12, 24, 34 அடிகளில் மூன்று ஜொயின்ட், நீளவாட்டில் நடுவால் ஒன்று, சுவரையும் தூண்களையும் சுற்றிக் கால் அங்குல இடைவெளி. 24 அடியில் வருகிறது தளத்தின் சேர்க்கைக்கு நேர் மேலே இருக்க வேண்டும், ஒரு அங்குலமும் தள்ளக்கூடாது என்று சிவப்புப் பேனையால் எழுதியும் இருந்தார்.

இது அவர் மனம்போன போக்கில் போட்ட அளவு இல்லை. வட அமெரிக்க டைல் கவுன்சிலின் கைநூலில் ஈஜே171 என்று ஒரு பகுதி இதற்காகவே இருக்கிறது. கட்டடத்துக்கு உள்ளே 25 அடிக்குள் ஒரு ஜொயின்ட், நேர் வெயிலோ ஈரமோ படுகிற இடமென்றால் 8 முதல் 12 அடிக்குள் ஒன்று என்பது அதன் கணக்கு. பிரித்தானியத் தரம் பிஎஸ் 5385இன் மூன்றாம் பகுதியும் சுவர் ஓரத்திலும் தூணைச் சுற்றியும் இடைவெளி கேட்கிறது. இது குளிர்நாட்டுக்காரரின் விஷயம், எங்கள் ஊருக்கு எதற்கு என்று இங்கே ஒரு பேச்சு இருக்கிறது. கச்சான் என்கிற சூடான காற்று அடிக்கிற காலத்தில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வெறுங்காலோடு ஒரு வெளிவிறாந்தையில் நடந்துவிட்டு வந்து சொல்லட்டும்.

கொந்தராத்துக்காரர் படத்தைப் பார்த்தார், தலையாட்டினார், விலை சொன்னார். டைல்ஸ் பதிக்கச் சதுர அடிக்கு ஒரு கூலி, நடுவில் ரப்பர் வைத்த உலோக ஜொயின்டுக்கு அடிக்கு வேறொரு விலை, விறாந்தைப் படியின் விளிம்புக்கு ‘316 ஸ்டீல் பீடிங்’ (316 என்கிற தரத்து ஸ்டீலில் செய்த ஓரப்பட்டி) என்று இன்னொரு விலை. மாசியில் வேலை முடிந்தது. தரை வடிவாகத்தான் இருந்தது. சாம்பல் நிற டைல்ஸ், இடையிடையே மினுங்குகிற மெல்லிய கோடுகள். வந்தவர்கள் எல்லாம் படம் பிடித்தார்கள்.

கச்சான் அடிக்கத் தொடங்கிய பிறகு ஒரு மத்தியானம், விருந்தினர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நடுத் தூணுக்குப் பக்கத்தில் படார் என்று ஒரு சத்தம். இரண்டு வரிசை டைல்ஸ் ஒன்றோடொன்று முட்டி, கூரை முகடு போல நிமிர்ந்து நின்றன. நல்லகாலம், அந்த மேசையில் ஆளில்லை. அதற்குப் பிறகு குச்சியால் தட்டிப் பார்த்தால் ஹோலின் கால்வாசி இடம் கொட்டுக் கொட்டென்று பொள்ளல் சத்தம் போட்டது. 24 அடியில், தளத்தின் சேர்க்கை இருக்கிற இடத்தில், சுவரிலிருந்து சுவர் வரைக்கும் டைல்ஸ்களின் குறுக்கே மயிரிழை வெடிப்பு. அது எப்போது வந்ததென்று யாருக்கும் தெரியாது. கூட்டித் துடைக்கிற பிள்ளைதான் காட்டினாள்.

கொந்தராத்துக்காரரைக் கூப்பிட்டோம்.

“அக்கா, டைல்ஸ் சரியில்லை. கொம்பனியில பிழை. நீங்க கடையில போய்க் கேளுங்கோ.”

கடைக்காரர் ஆள் அனுப்பினார். வந்தவர் ஒரு துண்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “பின்னால நாலு மூலையிலயும் நடுவிலயும்தான் பசை வச்சிருக்கு, இதுக்கு நாங்க என்ன செய்யுறது?” என்று கேட்டார். அது சரியான கேள்விதான். டைல்ஸின் முதுகில் உள் இடங்களில் 80 வீதமாவது, ஈரமோ வெளியிடமோ என்றால் 95 வீதமாவது பசை பிடித்திருக்க வேண்டும். ஐந்து உருண்டை வைத்து அமத்தினால் பாதியும் பிடிக்காது.

திரும்பக் கொந்தராத்துக்காரர்: “அப்ப கச்சான் வெயில்தான் அக்கா. இந்த வருஷம் சரியான வெக்கை. அதுக்கு நான் என்ன செய்ய?”

“அந்த வெக்கைக்குத்தானே தம்பி ஜொயின்டுக்குக் காசு வாங்கினீங்க?”

“ஜொயின்ட் போட்டுத்தானே இருக்கு. கண்ணுக்கு முன்னால தெரியுதே.”

உடைத்துப் பார்க்கலாம் என்று மைத்துனர் முடிவெடுத்தது அப்போதுதான்.

என்ன கண்டோம் என்று சொல்வதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. போர்சலின் டைல்ஸ் ஒரு பாகை சூடு ஏறினால் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் ஆறு, ஏழு பங்கு நீளும். எங்கள் ஹோலின் 42 அடி, அதாவது 12.8 மீற்றர், காலைக்கும் மத்தியானத்துக்கும் இடையில் 20 பாகை ஏறினால் இரண்டு மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவாக நீளப் பார்க்கும். இது சின்னப் பங்குதான். பெரிய பங்கு கீழே இருக்கிறது. புதுக் கொங்கிறீட் காயக் காய மாதக்கணக்கில் சுருங்கும். மீற்றருக்கு அரை மில்லிமீற்றர் என்பது சாதாரணம். 12.8 மீற்றருக்கு ஆறு மில்லிமீற்றருக்கு மேல். கீழே தளம் சுருங்குகிறது, மேலே டைல்ஸ் சுருங்காது, வெயிலுக்கு நீளவும் பார்க்கிறது. ஓரம் சுவரில் முட்டிக்கொண்டு நின்றால் அதற்கு மேலே எழும்புவதைத் தவிர வேறு வழியே கிடையாது. பசை குறைந்த இடத்தில் முதலில் எழும்பும்.

இனி உடைத்ததைச் சொல்கிறேன். மினுங்குகிற கோடுகளில் ஒன்றைக் கத்தியால் கிளப்பினோம். ரப்பர் வைத்த ஜொயின்ட் என்றால் இரண்டு பக்கமும் துளை போட்ட உலோகக் கால்கள் டைல்ஸுக்கு அடியில் போய்ப் பசையில் புதைந்திருக்கும். நடுவில் நசுங்கி விரியக்கூடிய ரப்பர் இருக்கும். எங்கள் கோடு இலேசாகக் கழன்று கையில் வந்தது. அது சாதாரண அலுமினியப் பட்டி. அதன் காலைக் கிறைண்டரால் அறுத்து எறிந்துவிட்டு, மேல் விளிம்பை மட்டும் இரண்டு டைல்ஸுக்கு நடுவில் செருகிச் சாம்பல் நிறச் சிலிக்கனால் ஒட்டியிருக்கிறார்கள். பட்டிக்குக் கீழே அடிவரைக்கும் இறுகிய சீமெந்துச் சாந்து. அசைய இடமே இல்லை. நீளவாட்டில் போன கோட்டுக்குப் பட்டி கூட மினக்கெட்டு வைக்கவில்லை. கிரவுட்டுக்கு, அதாவது டைல்ஸின் இடைவெளியில் நிரப்புகிற சாந்துக்கு, மேலே ஒரு பூச்சுச் சிலிக்கன், அவ்வளவுதான். அதற்கும் அதே அடிக் கணக்கு விலை.

சுவர் ஓரம் இன்னும் மோசம். சுவரின் அடியில் ஒட்டுகிற ஸ்கேர்ட்டிங் பட்டியைக் கழற்றினால் கால் அங்குலம் வெறுமையாக இருக்க வேண்டிய இடத்தில் வெட்டுத் துண்டு டைல்ஸும் சீமெந்தும் அடைத்து இறுக்கியிருந்தது. தூண்களைச் சுற்றியும் அப்படியே. ஸ்கேர்ட்டிங் மறைக்கப் போகிற இடத்தில் ஒன்றும் செய்யாமல் சும்மா விட்டிருந்தாலே போதும். ஏன் வேலையைக் கூட்டிக் கெடுத்தார்கள் என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

24 அடிக் கோடு 22இல் இருந்தது. தூணுக்கு நேராக வந்தால் வடிவு என்று ஒரு டைல் தள்ளிப் போட்டிருக்கிறார். தளத்தில் இருக்கிற சேர்க்கை தரையின் முகம் வரைக்கும் நேராக மேலே வராவிட்டால் டைல்ஸ் அந்த இடத்தில் தானாக ஒரு கோட்டைப் போட்டுக்கொள்ளும். எங்களுக்குப் போட்டது.

விறாந்தைப் பீடிங்கும் இதே கதைதான். எங்கள் டைல்ஸ் 10 மில்லிமீற்றர் தடிப்பு, வைத்த பீடிங் 8 மில்லிமீற்றர். பீடிங்கின் உயரம் டைல்ஸின் தடிப்போடு ஒத்துப்போக வேண்டும். குறைந்தால் டைல்ஸின் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டு நின்று அடிவாங்கும், கூடினால் கால் தடக்கும். எங்களுடையதில் சூட்கேஸ் சில்லு ஏறி இறங்கியே விளிம்பு முழுக்கப் பல்லுப்பல்லாகப் போய்விட்டது. இதிலும் காலை அறுத்து முன்னால் ஒட்டியிருந்தார்கள். வைகாசி வருவதற்குள் பீடிங்கில் பழுப்புப் புள்ளிகள். 316 என்றால் அதில் 2 முதல் 3 வீதம் மொலிப்டினம் சேர்ந்திருக்கும். உப்புக் காற்றுக்குத் தாக்குப்பிடிப்பது அதனால்தான். 304 என்கிற தரம் கடற்கரையில் புள்ளி போடும், 201 என்கிற தரம் இன்னும் சீக்கிரம் போடும். கொந்தராத்துக்காரர் ஆரம்பத்தில் ஒரு காந்தத்தை எடுத்து, “பாருங்க அக்கா, ஒட்டுதில்லை, ஒறிஜினல் 316” என்று காட்டியிருந்தார். உங்களுக்கும் யாராவது அந்த வித்தையைக் காட்டினால் சிரித்துவிட்டு விடுங்கள். 304இலும் 201இலும் கூடக் காந்தம் அநேகமாக ஒட்டாது. எந்தத் தரம் என்று எழுதிய கடைப் பில்லும் உற்பத்தியாளர் சான்றும் வேண்டும். அல்லது மொலிப்டினம் இருக்கிறதா என்று பார்க்கிற திரவத்தை ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது என்னவென்றால், கிரவுட் போடுகிறதுக்கு முன் ஒரு நாள் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். முறைப்பார்கள், முறைக்கட்டும். ஜொயின்ட் வருகிற ஒவ்வொரு கோட்டிலும் ஒரு மெல்லிய கம்பியை விடுங்கள். டைல்ஸின் முழுத் தடிப்புக்கும் கம்பி இறங்க வேண்டும், நடுவில் சாந்து தட்டக்கூடாது. ரப்பர் வைத்த உலோக வகையென்றால் பதிக்கிற அன்றே பக்கத்தில் நின்று, கால்கள் பசைக்குள் போவதைப் போட்டோ எடுங்கள். பதித்த பிறகு ஒன்றும் தெரியாது. உலோகம் வேண்டாம், சீலண்ட் என்கிற ரப்பர் போன்ற பசையை நிரப்பினால் போதும் என்றால் அதற்கும் முறை இருக்கிறது. அடியில் ஃபோம் கயிறு வைத்து, அதற்கு மேலே நிரப்ப வேண்டும். கயிறு இல்லாவிட்டால் சீலண்ட் இரண்டு பக்கத்தோடு அடியிலும் ஒட்டிக்கொண்டு, இழுபடும்போது கிழியும். ஆள் நடமாடுகிற தரைக்கு ஷோர் ஏ என்கிற கடின அளவில் 35க்குக் குறையாத சீலண்ட் வேண்டும். குளியலறை மூலைக்குப் பூசுகிற மெத்தென்ற சிலிக்கனில் கதிரைக் கால் இறங்கிவிடும்.

பில்லில் ‘ஜொயின்ட், பீடிங்’ என்று ஒரு வரியில் எழுத விடாதீர்கள். எந்த வகை, எந்த உலோகம், எத்தனை மில்லிமீற்றர் உயரம், எந்த இடங்களில், எத்தனை அடி என்று தனித்தனியாக எழுதி, படத்தையும் கூட இணைத்துக் கையெழுத்து வாங்குங்கள். எங்களிடம் மைத்துனரின் படம் கையெழுத்தோடு இருந்தபடியால்தான் பேசவாவது முடிகிறது.

முறைப்பாடு பற்றியும் சொல்ல வேண்டும். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் பேசலாம், ஆனால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி சேவை கிடைத்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். மாசியில் பதித்த தரை கச்சானில் கிளம்பினால் அந்தக் காலம் கடந்துவிடும். டைல்ஸ் வேலையின் சூட்சுமமே அதுதான், பிழை தெரிய ஒரு வெயில் காலமும் ஒரு மாரியும் வேண்டும். அதனால்தான் நாங்கள் மத்தியஸ்த சபைக்குப் போனோம். முதல் அமர்வுக்கு வந்தார், பொருட்காசைத் தவணையில் தருவதாகச் சொன்னார், கூலியைப் பற்றிக் கதைக்கவே மாட்டேன் என்கிறார். இணக்கம் வராவிட்டால் அதற்கான சான்றிதழை வாங்கிக்கொண்டு நீதிமன்றம் போகலாம். அது அடுத்த யோசனை.

இப்போது வேறு மேசன் ஒருவர் பழுது பார்க்கிறார், தம்பலகாமத்து ஆள், வாய் குறைவு, கை சுத்தம். பதித்த டைல்ஸில் கிறைண்டர் விட்டு ஜொயின்ட் வெட்டலாம், ஆனால் பளபளப்பான டைல்ஸின் ஓரம் சிதறும் என்று சொல்லி, கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு வரிசையைக் கிளப்பிப் புதிதாக வைக்கிறார். 22இல் இருந்த கோடு 24க்குப் போய்விட்டது. தூணுக்கு நேராக இல்லைத்தான், ஆனால் அது எனக்கு வடிவாகவே தெரிகிறது. ஓரத்துச் சீமெந்தை உளியால் கொத்தி எடுக்கத்தான் நேரம் போகிறது. அதே டைல்ஸ் அதே நிறத்தில் கடையில் இல்லை. கிடைத்தது வேறு தொகுதி, நிறம் ஒரு சாயல் கூடுதல்.

பழைய கொந்தராத்துக்காரர் இப்போது நிலாவெளி வீதியில் ஒரு கல்யாண மண்டபத்தின் தரை வேலையை எடுத்திருப்பதாகக் கேள்வி. இன்னும் பதிக்கத் தொடங்கவில்லையாம். அந்த மண்டபக்காரரைத் தெரிந்தவர்கள் இதை அவருக்கு இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.