லடாக்: மே விடுமுறையா, காலாண்டு விடுமுறையா?

சேலத்திலிருந்து பிள்ளைகளோடு லடாக் கிளம்புகிறவர்களுக்குப் பள்ளிக்கூடம் விட்டுவைப்பது இரண்டே காலம்: மே, செப்டம்பர் கடைசி. பெரும்பாலோர் யோசிக்காமல் மேயைப் பிடிக்கிறார்கள். நாள் நிறைய இருக்கிறது, ஊர் வெயிலும் விரட்டுகிறது. ஆனாலும் என் ஓட்டு காலாண்டு விடுமுறைக்குத்தான்.

குளிரை வைத்து இதை முடிவுசெய்ய முடியாது. சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லே நகரில் மே நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் ஏறக்குறைய ஒரே நிலைதான்: பகலில் 16 முதல் 20 டிகிரி, இரவில் பூஜ்யத்துக்குச் சற்று மேலே. பாங்காங் ஏரிக்கரையில் இரண்டு காலத்திலும் இரவு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். மழையும் பேச்சே இல்லை. லேயில் ஆண்டு முழுவதும் சேர்த்து சுமார் 10 செ.மீ.; ஏற்காட்டில் ஐப்பசியில் ஒரே ராத்திரியில் கொட்டிவிடக்கூடிய அளவு. இடைப்பட்ட ஜூலை, ஆகஸ்டில் குளிர் குறைவு. ஆனால் அப்போது இமாச்சலத்திலிருந்து லேவுக்கு வரும் மணாலி வழியில், மண்டி–குலு பக்கம் மலைச்சரிவு அடிக்கடி பாதையை மறிக்கும்.

வித்தியாசம் இருப்பது சாலையில். ஏற்காடு மலைப்பாதையில் தண்ணீர் வந்தால் மேலே மழை என்று அர்த்தம். லடாக் கணவாய்களில் வெயில் அடித்தால்தான் தண்ணீர் வரும். மே மாதத்தில் சரிவுகளில் குளிர்காலப் பனி இன்னும் கிடக்கும். பத்து மணிக்கு மேல் அது உருகிச் சாலைக்கு இறங்கி, மண்ணோடு குழைந்து சேறாகும். மேலே உருகியது கீழே வந்து சேரச் சில மணி நேரம் பிடிப்பதால், சாலையைக் குறுக்கே கடக்கும் ஓடைகள் பிற்பகலில்தான் பெருகும். காலையில் கணுக்கால் அளவு ஓடிய தண்ணீர் மாலை நாலு மணிக்குக் காரை நிறுத்திவிடும். இருட்டியதும் சாலையில் தேங்கியதெல்லாம் உறையும். விடிகாலையில் அது தாரின் நிறத்திலேயே கண்ணாடிபோலப் படிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, பிரேக்கும் பிடிக்காது. லேயிலிருந்து நுப்ரா பள்ளத்தாக்குக்குப் போகும் கார்துங் லா கணவாயில், வெயில் தாமதமாக விழும் வடக்குச் சரிவில், நார்த் புல்லு சோதனைச் சாவடி வரை இறங்கும் பகுதியில்தான் இந்தத் தொல்லை அதிகம். ஆக, மேயில் கணவாய் தாண்ட நிம்மதியான நேரம் காலை ஒன்பதிலிருந்து மதியம் ஒன்று வரைதான். அதற்குள் ஒரு லாரி சேற்றில் மாட்டினால் அன்றைய திட்டம் போயிற்று. மணாலி–லே சாலை எந்தத் தேதியில் திறக்கும் என்பதும் அந்த வருடத்துப் பனியைப் பொறுத்தது.

செப்டம்பர் கடைசிக்குள் குளிர்காலப் பனி கரைந்து முடிந்திருக்கும். மீதி இருப்பது பனியாற்று ஓடைகள். இரவுக் குளிர் அவற்றையும் ஒடுக்கிவிடும். காலை ஏழு மணிக்கே லேயிலிருந்து கிளம்பலாம். தொந்தரவு புழுதி மட்டும், அதற்கு மாஸ்க் போதும். கூடுதலாக, நிம்மு அருகே சிந்துவும் ஜான்ஸ்கரும் கலக்கும் இடத்தில் கோடைக்கலங்கல் தெளிந்திருக்கும், பாப்லர் மரங்கள் மஞ்சளாகத் தொடங்கியிருக்கும்.

செப்டம்பரிலும் பனி வராது என்று யாரும் எழுதித்தர முடியாது. 2018இல் அந்த மாதக் கடைசியில், மணாலி–லே சாலை போகும் லாஹௌல் பகுதியில் திடீரெனப் பெய்த பனியில் நூற்றுக்கணக்கானோர் சிக்கிக்கொண்டார்கள். அக்டோபர் நெருங்க நெருங்க ஏரிக்கரைக் கூடாரங்களைச் சுருட்டத் தொடங்குவார்கள். எது திறந்திருக்கிறது என்று முன்பே போனில் கேட்டுவிடுங்கள். பெரிய குறை, நாள் போதாது. சேலம் ஜங்ஷனில் கேரளா எக்ஸ்பிரஸ் ஏறினால் டெல்லிக்கே ஒன்றரை நாளுக்கு மேல். எனவே விமானம் பிடிப்பதைத் தவிர வழியில்லை, செலவு கூடும்.

நாட்களை மிச்சம் பிடிக்கிறேன் என்று, உடம்பு உயரத்துக்குப் பழக லேயில் எடுக்கும் ஓய்வைக் குறைக்காதீர்கள். ஏற்காட்டுக்காரர்களுக்கும் இதில் சலுகை கிடையாது: 1,500 மீட்டர் பழக்கம் 3,500க்கு உதவாது. இறங்கியதும் முழுதாக 48 மணி நேரம் மாடிப்படி ஏறுவதைக்கூடக் குறைத்துக்கொண்டு இருங்கள். உயரத்தால் வரும் மலைநோயைத் தடுக்கத் தரும் டயமாக்ஸ் மாத்திரை வேண்டுமா என்பதை ஊரிலேயே டாக்டரிடம் கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். பிறகு ஒரு நாள் லிகிர், அல்ச்சி புத்த மடங்கள்; இரண்டு நாள் நுப்ரா; அங்கிருந்து ஷியோக் ஆற்றோரச் சாலை வழியாகப் பாங்காங்கில் ஓர் இரவு; சாங் லா கணவாய் வழியாக லே. ஏழு நாளில் அடங்கும். விமானம் ரத்தானால் சமாளிக்க எட்டாவது நாள் ஒன்றைக் கையில் வையுங்கள்.

மேதான் முடியும் என்கிறவர்கள் கடைசி வாரத்தைப் பிடியுங்கள். லேவுக்கு நேராக விமானத்தில் போங்கள், மணாலிச் சாலையை நம்பி டிக்கெட் போடாதீர்கள். பனியில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கெடுக்கும், பிள்ளைகளுக்கும் கூலிங் கிளாஸ் வாங்குங்கள். வாடகைக் காரில் டயர் சங்கிலி இருக்கிறதா என்று லேயிலேயே டிக்கியைத் திறந்து பாருங்கள்.