விசைப்படகில் முள் மீட்டரை எடுத்துவிட்டு டிஜிட்டல் ஸ்கிரீன்: ஒரு சீசன் ஓட்டிப் பார்த்த பிறகு

எங்கள் படகு நிற்பது நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில். ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின், பழைய மெக்கானிக்கல் பம்ப், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. படகை ஓட்டும் அறையான வீல் ஹவுஸில் ஆர்.பி.எம். (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது), ஆயில், ஹீட், டீசல் என நான்கு முள் மீட்டர். உப்புக் காற்று பட்டுப் பட்டு கண்ணாடிக்குள் ஈரம் இறங்கிவிட்டது, டீசல் மீட்டர் எப்போது பார்த்தாலும் பாதியில் நிற்கும், ஹீட் மீட்டரை விரலால் தட்டினால்தான் முள் நகரும். தங்கல், அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போகிற படகில் இதை நம்பி எப்படி ஓட்டுவது? போன மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை படகு கரையில் கிடந்தபோது, எல்லாவற்றையும் மாற்றிவிட்டோம்.

வாங்கியது இரண்டு பொருள். ஒன்று ஆக்டிசென்ஸ் ஈ.எம்.யூ-1 என்கிற கன்வெர்ட்டர், இன்னொன்று 7 அங்குல டிஸ்ப்ளே. பழைய எஞ்சினில் இருக்கும் சென்சார் சூட்டுக்கும் பிரஷருக்கும் தக்கபடி மின்தடையை மாற்றும், அவ்வளவுதான். அதைப் படித்து, படகுக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பொது முறையான என்.எம்.இ.ஏ. 2000 டேட்டாவாக மாற்றி ஒரே கேபிளில் அனுப்புவது கன்வெர்ட்டரின் வேலை. அதில் மீட்டருக்கு 6 இணைப்பு, ஆர்.பி.எம்.முக்கு 2, அலாரத்துக்கு 4. ஒரு விஷயம் முன்பே தெரிந்திருந்தால் எங்களுக்குப் பணம் மிச்சமாகியிருக்கும்: உங்கள் ஜி.பி.எஸ். பிளாட்டரில் (படகு போகும் இடத்தை மேப்பில் காட்டும் கருவி) என்.எம்.இ.ஏ. 2000 போர்ட் இருந்து, எஞ்சின் விவரம் காட்டும் ஸ்கிரீன் பக்கமும் அதில் இருந்தால், தனி ஸ்கிரீனே தேவையில்லை, அதிலேயே எல்லாம் தெரியும். எங்களுக்குக் கேபிள், கூலி எல்லாம் சேர்த்து ஒன்றேகால் லட்சம் தாண்டியது.

ஸ்கிரீனை மாட்ட அரை நாள் போதும். மற்றதற்குத்தான் ஒன்பது நாள் போனது.

முதல் தலைவலி டீசல் டேங்க். டேங்க் நிறைய டீசல் இருக்கிறது, ஸ்கிரீன் காலி என்று காட்டுகிறது. பொருள் கெட்டது என்று கழற்றப் போனோம். அப்புறம்தான் புரிந்தது, ஐரோப்பிய சென்சார் காலி டேங்குக்கு 10 ஓம் மின்தடை காட்டும், நிறைந்தால் 180 ஓம். அமெரிக்க வகை தலைகீழ், காலிக்கு 240, நிறைந்தால் 33. எங்கள் டேங்கில் இருந்தது ஒரு வகை, செட்டிங்கில் கொடுத்தது இன்னொரு வகை. வாங்குவதற்கு முன்பே மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு சென்சாரையும் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஹீட். எஞ்சின் கொதிக்கக் கொதிக்க ஓடியும் 40 டிகிரிதான் காட்டியது. மெக்கானிக் ஒழுகக் கூடாது என்று சென்சார் மரையில் டெப்லான் டேப்பை நன்றாகச் சுற்றியிருந்தார். ஒற்றை ஒயர் சென்சாருக்கு எஞ்சின் பாடிதான் எர்த், டேப் அதைத் தடுத்துவிட்டது. டேப்பைப் பிய்த்து, பெயின்ட்டைச் சுரண்டி மாட்டியதும் சரியாகிவிட்டது.

டேட்டா நடுநடுவே அறுந்து போனதற்குக் காரணம் கடையில் டெர்மினேட்டர், அதாவது கேபிள் முனையில் மாட்டும் மின்தடை, ஒன்றுதான் கொடுத்திருந்தார்கள். கேபிளின் இரண்டு முனையிலும் 120 ஓம் இருக்க வேண்டும், பவரை அணைத்துவிட்டு இரண்டு டேட்டா ஒயருக்கும் நடுவில் அளந்தால் 60 ஓம் வர வேண்டும். எங்களுக்கு 120 வந்தது.

இன்னொன்று கரண்ட். எங்கள் படகு 24 வோல்ட், என்.எம்.இ.ஏ. 2000 கேபிளுக்கு வேண்டியது 12 வோல்ட். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 எடுத்துவிடலாம் என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். அப்படிச் செய்தால் அந்த ஒரு பேட்டரி மட்டும் இறங்கிக்கொண்டே வரும், இரண்டும் சீக்கிரம் பாழ். 24 வோல்ட்டை 12 ஆகக் குறைக்கும் வோல்டேஜ் கன்வெர்ட்டர் ஒன்றைத் தனியாகப் போடுங்கள்.

ஆர்.பி.எம். சிக்னல், டைனமோவில் அதற்கென்றே இருக்கும் ‘டபிள்யூ’ டெர்மினலிலிருந்து வருகிறது. புல்லி அளவைப் பொறுத்துக் கணக்கு மாறும் என்பதால் கையில் பிடித்துச் சுற்று வேகத்தை அளக்கும் டாக்கோமீட்டரால் அளந்து சரிசெய்தோம். பெல்ட் வழுக்கினால் ஆர்.பி.எம். குறைவாகக் காட்டும், அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, இவ்வளவு பாடுபட்டதற்குப் பலன் உண்டா? உண்டு. ஆகஸ்டில் ஒரு இரவு, வலை இழுத்துக்கொண்டிருந்தபோது எப்போதும் 78ல் நிற்கும் ஹீட் 81, 83, 84 என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. டிரைவர் மாமா கவனித்து எஞ்சினைத் தணித்துப் பார்த்தால், கடல் தண்ணீர் உள்ளே வரும் பில்டரில் பிளாஸ்டிக் பை அடைத்திருந்தது. அந்த ஆறு டிகிரியை எங்கள் பழைய முள் காட்டியே இருக்காது. 92ல் கத்தும்படி அலாரமும் வைத்திருக்கிறோம், இதுவரை அது வரைக்கும் போகவில்லை.

குறையும் இருக்கிறது. மத்தியான வெயில் நேராக விழுந்தால் ஸ்கிரீன் மங்கலாகத் தெரிகிறது, போலராய்டு கண்ணாடி போட்டால் ஒரு கோணத்தில் முழுக்கக் கறுத்துவிடுகிறது. ராத்திரியில் வெளிச்சத்தைக் குறைக்க மூன்று மெனு உள்ளே போக வேண்டும், ஈரக் கையோடு தொட்டால் கேட்பதில்லை, பட்டன் உள்ளதையே வாங்கியிருக்கலாம். மாமா முதல் வாரமே சொன்னார்: “தம்பி, முள்ளு எங்க நிக்குதுன்னு ஓரக்கண்ணால பாத்தே பழகிட்டேன். இத நின்னு படிக்கணுமே.” அவர் சொன்னது நியாயம். அதனால் ஸ்கிரீனிலேயே முள் வடிவத்தை வைத்து, நடுவில் எண் வருகிற மாதிரி மாற்றிக் கொடுத்தோம், இப்போது அவருக்குப் பிடித்திருக்கிறது.

ஒரே ஒரு பழைய மீட்டரை மட்டும் கழற்றவில்லை. எஞ்சினிலிருந்து நேராகச் சின்னக் குழாயில் ஆயில் வரும் பிரஷர் மீட்டர் எஞ்சின் ரூமில் அப்படியே இருக்கிறது. அதற்குக் கரண்ட் வேண்டாம், ஒயர் அறுந்தாலும் ஸ்கிரீன் அணைந்தாலும் காட்டும். நடுக்கடலில் அது இல்லாமல் நான் படகை அனுப்ப மாட்டேன்.

ஈ.எம்.யூ-1 கன்வெர்ட்டரில் இன்னும் இணைப்பு காலியாக இருக்கிறது. வருகிற தடைக்காலத்தில் கியர்பாக்ஸ் ஆயிலுக்கும் ஒரு சென்சார் போடப் போகிறோம், இந்த முறை டேப் சுற்றாமல்.