ஏவியேஷன் டிகிரி: கட்டும் பணத்துக்கு வேலை கிடைக்குமா? ராமநாதபுரம் கடற்கரைப் பெற்றோருக்கு ஒரு மதிப்பீடு

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் கீழக்கரை, மண்டபம், தொண்டிப் பக்கம் பி.பி.ஏ ஏவியேஷன், பி.எஸ்சி ஏவியேஷன் என்று நோட்டீஸ்கள் சுற்றத் தொடங்கும். கோட்டு சூட்டுப் போட்ட பிள்ளைகளின் படம், கீழே ‘நூறு சதவீதம் வேலை’. சேர்வதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பி.பி.ஏ ஏவியேஷன் ஒரு நிர்வாகப் படிப்பு. அதை முடித்தவர் விமானம் ஓட்ட முடியாது, பழுதுபார்த்த விமானம் பறக்கலாம் என்று கையெழுத்தும் போட முடியாது. அந்த இரண்டுக்கும் மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ தரும் லைசென்ஸ் வேண்டும். அது தனிப் பாதை, தனிச் செலவு.

தனியார் கல்லூரியில் கட்டணம், விடுதி, யூனிஃபார்ம், இடையிடையே கேட்கும் ‘சர்டிபிகேட் கோர்ஸ்’ எல்லாம் சேர்த்தால் மூன்று வருடத்தில் எட்டு முதல் பத்து லட்சம் வரை போய்விடும். பத்து லட்சத்தை 11 சதவீத வட்டியில் பத்து ஆண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை சுமார் 13,800 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி இதில் சேரவில்லை. படித்து முடித்ததும் பெரும்பாலும் கிடைப்பது கிரவுண்ட் ஸ்டாஃப், அதாவது விமான நிலையத்தில் பயணிகளைக் கவனிக்கும் வேலை. தொடக்கச் சம்பளம் 15,000 முதல் 25,000 வரை. வேலை சென்னையிலோ பெங்களூரிலோ என்றால் அறை வாடகைக்கே பாதி போகும். அந்த வேலைக்கு ஏதாவது ஒரு டிகிரி போதும், விமானத்துக்குள் பணிபுரியும் கேபின் க்ரூவுக்குப் பிளஸ் டூவே போதும். சேதுபதி அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ முடித்து, ஆங்கிலமும் கொஞ்சம் இந்தியும் தடுமாறாமல் பேசும் பிள்ளைக்கும் அதே இன்டர்வியூதான். கட்டணத்தோடு ஒப்பிட்டால் இந்தப் படிப்புக்கு 5-க்கு 2 தரலாம், அதற்கு மேல் மனம் வரவில்லை.

‘உச்சிப்புளியில் ஏர்போர்ட் வருகிறது, உள்ளூரிலேயே வேலை’ என்ற பேச்சையும் நம்பிவிடாதீர்கள். அங்கே இருப்பது கடற்படையின் ஐ.என்.எஸ் பருந்து. பயணிகள் விமானம் ஏற இன்றும் மதுரைக்குத்தான் போகிறோம்.

பைலட் ஆசை இருந்தால் முதலில் கட்ட வேண்டியது மெடிக்கல் கட்டணம். டி.ஜி.சி.ஏ கேட்கும் உடல் தகுதிச் சோதனை இது: கிளாஸ் 2, பிறகு கிளாஸ் 1. நிறக்குருடு போன்ற குறை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும், லட்சங்கள் தப்பும். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்தவருக்கு டிகிரி தேவையில்லை. எழுத்துத் தேர்வுகள், 200 மணி நேரப் பறத்தல், பிறகு ஏ320 மாதிரியான ஒரு குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டுவதற்கான தகுதி, அதாவது டைப் ரேட்டிங். எல்லாம் சேர்ந்து 60 லட்சத்துக்குக் குறையாது, கோடியையும் தொடும். விமானமும் பயிற்றுநரும் குறைவாக உள்ள விமானப் பயிற்சிப் பள்ளியில் ஒரு வருடப் பயிற்சி இரண்டு வருடமாகும். அந்தக் கூடுதல் வருடத்துக்கும் விடுதிச் செலவும் வட்டியும் உங்கள் தலையில்தான்.

கடன் இந்தக் கரையில் வேறொரு இடத்திலும் முட்டும். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வங்கி பொதுவாகச் சொத்து ஜாமீன் கேட்கும். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். தாத்தா பெயரிலேயே நிற்கும் பட்டாவோ, பட்டா இல்லாத குப்பத்து வீடோ செல்லாது. பெயர் மாற்றத்துக்கு மாதக்கணக்காகும் என்பதால் பிள்ளை பிளஸ் ஒன் படிக்கும்போதே தாலுகா ஆபீஸில் மனுக் கொடுத்துவிடுங்கள்.

செலவுக்குச் சரியான பலன் தரும் வழியைப் பற்றி நோட்டீஸில் ஒரு வரிகூட இருக்காது. விமான நிலைய ஆணையத்தின் ஜூனியர் எக்ஸிகியூட்டிவ், அதாவது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வேலை. தகுதி, இயற்பியலும் கணிதமும் உள்ள மூன்றாண்டு ரெகுலர் பி.எஸ்சி அல்லது பொறியியல் பட்டம். அரசுக் கல்லூரிக் கட்டணத்தில் முடிகிற படிப்பு இது. அடிப்படைச் சம்பளமே 40,000-த்தில் தொடங்குகிறது, படிகள் தனி. பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 27. எழுத்துத் தேர்வில் 120 கேள்விகள், அதில் பாதி இயற்பியலும் கணிதமும். மீதியில் ஆங்கிலமும் உண்டு. தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் தடுக்கி விழுவது அங்கேதான். பிறகு குரல் தேர்வு வேறு இருப்பதால் முதலாண்டிலிருந்தே ஆங்கிலம் பேசிப் பழகட்டும். போட்டி கடுமை, அறிவிப்பும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் கிடைக்காவிட்டால் கையில் பி.எஸ்சி இருக்கும், கடன் இருக்காது. பி.எஸ்சி ஏவியேஷனில் சேர்ந்துதான் இதற்கு வருவோம் என்றால், பாடத்திட்டத்தை வாங்கி இயற்பியல், கணிதம் என்ற பெயரிலேயே தாள்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மதிப்பெண் பட்டியலில் அவை இல்லாவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம்.

விசைப்படகு இன்ஜினைப் பிரித்து மாட்டிப் பழகிய பிள்ளைக்கு ஏ.எம்.இ, அதாவது விமானப் பராமரிப்புப் பொறியாளர் படிப்பு பொருத்தமாக இருக்கும். லைசென்ஸில் பி1.1 பிரிவு டர்பைன் விமானத்துக்கு, பி2 பிரிவு மின்னணுப் பகுதிக்கு. மாட்யூல் என்ற ஒவ்வொரு தேர்வுத் தாளிலும் 75 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. பாடம் முடித்தாலும் மாட்யூல்களும் அனுபவமும் முடிந்து லைசென்ஸ் கைக்கு வரும்வரை பயிற்சியாளர் சம்பளம்தான். இதில் ஏமாற்று நடப்பது ஓரிடத்தில்: ‘ஏ.எம்.இ’ என்று பலகை வைத்திருப்பார்கள், பயிற்சி நிறுவனத்துக்கு டி.ஜி.சி.ஏ தரும் சி.ஏ.ஆர் 147 அங்கீகாரம் இருக்காது, அல்லது உங்கள் பிள்ளை சேரும் பிரிவுக்கு இருக்காது. பிரிவும் செல்லுபடியாகும் தேதியும் உள்ள அங்கீகாரக் கடித நகலைக் கேளுங்கள். டி.ஜி.சி.ஏ இணையதளப் பட்டியலோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒத்துப்போன பிறகு அட்வான்ஸ் கட்டுங்கள்.