28 என்றால் எந்த 28? பழைய ராடு பிரேக் சைக்கிளுக்கு 635 ரிம்மா, 622 ரிம்மா

காவேரிப்பட்டணத்தில் தாத்தா ஓட்டிய ராடு பிரேக் (கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பிகளால் இழுபடும் பிரேக்) சைக்கிளின் இரண்டு ரிம்களையும் துரு அரித்துவிட்டதால், மாற்று ரிம் தேட வேண்டியதாயிற்று. பழைய அளவிலேயே இரும்பு ரிம் போடுவது ஒரு வழி. இன்றைய கியர் சைக்கிள்களில் வரும் அலுமினிய ரிம்முக்கு மாறுவது மற்றொன்று. நான் போட்டது பழைய அளவுதான், ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சற்றுச் சாய்ந்தே இருக்கும்.

இரண்டையுமே கடைகளில் '28' என்றுதான் சொல்கிறார்கள். அந்த 28 ரிம்மின் அளவன்று. காற்றடைத்த டயரின் வெளி விட்டத்தை அங்குலத்தில் சொல்லும் பழைய வழக்கம். நம்பத்தக்கது ஐ.எஸ்.ஓ. எனும் பன்னாட்டுத் தர முறையில் டயரின் பக்கவாட்டில் அச்சிடப்படும் இரட்டை எண்ணே. 40-635 என்றிருந்தால் டயரின் அகலம் 40 மில்லிமீட்டர், அது ரிம்மில் அமரும் இடத்தின் விட்டம் 635 மில்லிமீட்டர். நம் பழைய வண்டிகளின் 28 × 1½ இதுவே. 28 × 1⅝ × 1⅜ என்றும் 700சி என்றும் குறிப்பது, மேலே சொன்ன அலுமினிய ரிம்மின் அளவான 622. வித்தியாசம் 13 மில்லிமீட்டர்தான் என்றாலும் ஒன்றின் டயர் மற்றதில் ஏறி நிற்காது. ரிம்மின் முத்திரை துருவில் மறைந்திருந்தால், கழற்றிய டயரைத் துடைத்துப் படிப்பது எளிது.

622-இன் நிறைகளை மறுக்க முடியாது. எடை குறைவு, துருப் பிடிக்காது, மழையில் இரும்பு ரிம்மைவிட நன்றாகப் பிரேக் பிடிக்கும், டயர் வகைகளும் ஏராளம்.

ஆனால் ரிம்மை மாற்றினால் அதோடு வேறு என்னென்ன மாற வேண்டும் என்பதில்தான் என் முடிவு நின்றது. ராடு பிரேக்கின் கட்டைகள் ரிம்மின் பக்கவாட்டை நெருக்குவதில்லை; ஹப்பை (சக்கரத்தின் நடுக்குடத்தை) நோக்கிய உட்புறத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கின்றன. அதற்காகவே வெஸ்ட்வுட் எனப்படும் பழைய ரிம்மில், ஸ்போக்ஸ் வரிசையின் இருபுறமும் கட்டை உரசுவதற்கான தடம் வளைத்து விடப்பட்டிருக்கும். அலுமினிய ரிம்மில் அந்தத் தடம் கிடையாது. பிரேக் பிடிப்பதற்கென்று தட்டையாக இருப்பது அதன் பக்கவாட்டு மட்டுமே. எனவே கேபிள் பிரேக், அதற்குரிய லீவர் என்று கைப்பிடி வரை வேலை நீள்கிறது. பின்சக்கரத்தில் துளைக் கணக்கும் ஒத்துவராது: பழைய வண்டியில் பெரும்பாலும் முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 ஸ்போக்ஸ், புதிய ரிம்களில் 36 அல்லது 32. பின்ஹப்பையும் மாற்றினால் பிறகு பழைய வண்டி என்று மிஞ்சுவது ஃப்ரேம் மட்டும்தான். 635-ஐப் போட்டபோது பழைய ஹப்பிலேயே புது ஸ்போக்ஸ் கோத்து, கோட்டம் எடுத்து, அதே பிரேக் கட்டைகளை மாட்டியதோடு வேலை முடிந்தது. டயரும் டியூப்பும் எங்கள் ஊர்க் கடையிலேயே கிடைக்கின்றன. 622-க்கு நல்ல டயர் வேண்டுமென்றால் கிருஷ்ணகிரிக்கோ ஓசூருக்கோ போகத் தோன்றும்.

என் ஓட்டம் சந்தைக்கும் தோட்டத்துக்கும்தான். தொப்பூர்க் கணவாய் போன்ற நீண்ட இறக்கத்தில், அதுவும் மழையில், அடிக்கடி ஓட்டுபவருக்கு 622-உம் கேபிள் பிரேக்கும் செலவுக்கு ஏற்றவையாக இருக்கக்கூடும். அந்தப் பாதையில் இந்த வண்டியை நான் ஓட்டியதில்லை. எதை வாங்கினாலும், கடையில் வெறும் 28 என்று கேட்காமல் 635 அல்லது 622 என்ற எண்ணைச் சொல்லிக் கேட்டு, பணம் கொடுக்கும் முன் ரிம்மின் துளைகளை எண்ணிப் பார்த்துக்கொள்வது நல்லது.